கம்பி எந்தப் பக்கம்?



பள்ளியில் தச்சுத் தொழில் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் நினைவாக ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் சொற்பொழிவு இது. நெசவாசிரியர், தச்சாசிரியர் என்று பள்ளிக்கு ஒருவர் இருந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மரத்தின் ரேகை ஓடும் திசை பார்த்து இழைக்கச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். அத்தகைய ஒருவரின் பெயரால் அமைந்த மேடையில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டடப் பொறியியலைக் கையால் செய்து பார்க்கக் கற்பிப்பது பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் அந்தப் பாடத்தைக் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, அழைக்கும் பள்ளிகளுக்குச் சிமெண்டும் மணலுமாகப் போய்வருகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒரு கட்டுமானத்தையாவது தம் கையால் செய்ய வேண்டும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே நோட்டில் எழுதிவைக்க வேண்டும். பிறகு அது உடையும் வரை பாரம் ஏற்ற வேண்டும். உடைந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஏன் அங்கே உடைந்தது என்று பேச வேண்டும். இவற்றுள் உடைப்பதை விட்டுவிட்டால் மிஞ்சுவது கைவேலை வகுப்புதான்.

இது பொறியாளர்களை உருவாக்குவதற்கான திட்டம் இல்லை. நம் ஊரில் சொந்த வீடு கட்டுபவர்களில் பெரும்பாலோர் பொறியாளரை வைத்துக் கட்டுவதில்லை. வரைபட அனுமதிக்கு ஒரு கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதான். மேஸ்திரியைப் பிடிப்பது, கம்பியும் ஜல்லியும் வாங்கிப் போடுவது, தளம் போடும் நாளில் பக்கத்தில் நிற்பது எல்லாம் வீட்டுக்காரர்தான். வாழ்நாள் சேமிப்பும் வங்கிக் கடனும் அந்த ஒரு நாளில் இறங்குகின்றன. கலவை இறுகலாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றட்டுமா என்று ஆள் கேட்கும்போது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்தவராக இருப்பார், பட்டமும் பெற்றிருப்பார். அந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் அவர் சந்தித்ததில்லை.

ஒரு பரிசோதனையை விரிவாகச் சொல்கிறேன். இன்று நீங்கள் வேறெதையும் மறந்தாலும் இதை மட்டும் உங்கள் பள்ளியில் செய்து பாருங்கள்.

ஓரடிக்குச் சற்றே கூடுதலான நீளம், இரண்டரை சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் உயரம் கொண்ட மரச்சட்ட அச்சு ஒன்று செய்துகொள்ளுங்கள். உள்ளே எண்ணெய் தடவுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல். இதில் மூன்று சிறு உத்தரங்கள் வார்க்க வேண்டும். முதலாவது வெறும் கலவை. இரண்டாவதில் ஒரு சைக்கிள் ஆரக்கம்பியை மேற்புறத்தை ஒட்டிப் புதைக்கிறோம். மூன்றாவதில் அதே மாதிரிக் கம்பியை அடிப்புறத்தை ஒட்டிப் புதைக்கிறோம். ஆரக்கம்பி வழவழப்பானது, பாரம் ஏறினால் கலவைக்குள் வழுக்கும். ஆகவே இரு முனைகளையும் குறட்டால் கொஞ்சம் வளைத்துவிட வேண்டும். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து, எது மேல் எது கீழ் என்று குறித்து, ஈரச்சாக்கில் சுற்றி 28 நாள் வைக்க வேண்டும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளிப்பது மாணவர் முறை. விடுமுறை நாளில் யார் வருவது என்று அவர்களே பட்டியல் போட்டுக்கொள்வார்கள்.

இருபத்தெட்டாம் நாளுக்குப் பிறகு, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே உத்தரத்தை வைத்து, நடுவில் ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிடுகிறோம். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. தொடங்கும் முன் ஒவ்வொருவரும் மூன்று உத்தரங்களுக்கும் மூன்று எண்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நான் பார்த்த ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் பிள்ளைகளில் பெரும்பாலோர், கம்பி மேலே உள்ள உத்தரத்துக்குத்தான் பெரிய எண்ணை எழுதுகிறார்கள். ஒரு மாணவி காரணமும் சொன்னாள்: “பாரம் மேலேதானே சார் உட்காருது, அப்ப மேலேதானே பலம் வேணும்?” மிக நேர்மையான சிந்தனை அது. அதைத் திருத்த நான் வாய் திறப்பதில்லை.

வெறும் கலவை ஆறேழு லிட்டரில் சட்டென்று இரண்டாகிறது. கம்பி மேலே உள்ளதும் கிட்டத்தட்ட அதே அளவில் அடியில் வாய் பிளக்கிறது. கம்பியில் தொங்கிக்கொண்டு அப்படியே மடங்குகிறது. வகுப்பு அமைதியாகிவிடும். மூன்றாவதில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. வாளி நிரம்பிவிடும். குனிந்து அடியில் பார்த்தால் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரியும், உத்தரம் நிற்கும். இன்னொரு வாளியும் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம்.

அந்த வெடிப்பு ஏன் அடியில் தொடங்குகிறது? ஒரு ரப்பர் துண்டின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போட்டு, இரு முனையையும் தாங்கி நடுவில் அழுத்தச் சொல்வேன். மேலே கோடுகள் நெருங்குகின்றன, கீழே விலகுகின்றன. மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையை அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். இழுபடும் இடத்தில் கம்பி இருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதினால் ஒரு வரி. வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிள்ளைக்கு அது சாகும் வரை மறக்காது.

பாடம் இதோடு முடிவதில்லை. அடுத்த முறை இதே மாதிரி உத்தரங்களை வார்த்து, மேசை விளிம்பில் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையை வெளியே நீட்டி, அந்த முனையில் வாளியைக் கட்டுங்கள். இப்போது எல்லாம் தலைகீழாகிறது. கம்பி மேலே உள்ளது தாங்குகிறது. கம்பி கீழே உள்ளது மேசை ஓரத்தில் முறிகிறது. சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் பால்கனியும் இப்படித்தான் நிற்கின்றன. அவற்றில் பிரதான கம்பி மேற்புறம் இருந்தாக வேண்டும். தளம் போடும் அவசரத்தில் ஆட்கள் அந்தக் கம்பியின் மேல் ஏறி நடந்து மிதித்து, அது அடியில் போய் ஒட்டிக்கொள்வது நம் கட்டுமானங்களில் அடிக்கடி நடப்பது. முட்டுப்பலகையைப் பிரித்த அன்றோ, சில ஆண்டுகள் கழித்தோ சன்ஷேடு விழுகிறது. கீழே யாராவது நின்றால் உயிர் போகிறது. கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுத்து உயரத்தில் நிறுத்துங்கள், மேலே பலகை போட்டு நடங்கள் என்று சொல்ல ஒரு வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் இதைச் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறார்கள்.

தண்ணீர்க் கேள்விக்கும் இதே அச்சு பதில் தரும். ஒரே அளவு சிமெண்ட், மணல். ஒன்றில் அளவான தண்ணீர், மற்றொன்றில் கூழாக ஓடும் அளவுக்குத் தண்ணீர். ஒன்றை ஈரச்சாக்கிலும் இன்னொன்றை வெயிலிலும் வைத்துப் பார்ப்பது அடுத்த கட்டம். சிமெண்டுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்ற விகிதம்தான் கான்கிரீட்டின் பலத்தைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் 1918இல் எழுதினார். அவர் கண்டதை நம் பிள்ளைகள் இரண்டு வாளியில் காணலாம்.

இப்போது நம் அறிவியல் கண்காட்சிகளைப் பற்றி வருத்தத்துடன் ஒன்று சொல்ல வேண்டும். தெர்மகோலில் அணை, அட்டையில் மேம்பாலம், அதில் ஓடும் பொம்மை ரயில். பார்க்க அழகாக இருக்கும். பல நேரம் அப்பாவோ ஸ்டேஷனரிக் கடையோ செய்து தந்ததாக இருக்கும். அந்தப் பாலத்தின் மேல் ஒரு செங்கல்லை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் பிள்ளையின் முகம் வாடிவிடும். பரிசு வாங்க வேண்டிய பொருளை யார் உடைப்பார்கள்? மதிப்பெண் முறை அங்கே பாடத்தைக் கொன்றுவிடுகிறது. எவ்வளவு தாங்கியது என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். முன்பு எழுதிய எண்ணுக்கும் உடைந்த எண்ணுக்கும் இடையே ஏன் வேறுபாடு என்று விளக்கியதற்கு மதிப்பெண் கொடுங்கள். எட்டு கிலோ என்று எழுதி மூன்று கிலோவில் உடைந்த பாலத்தைச் செய்த பிள்ளை, ஒட்டுப்பசை காயவில்லை, இணைப்புதான் முதலில் விட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னால் முழு மதிப்பெண் அவளுக்குத்தான்.

பாலங்களின் விஷயத்தில் உலகம் இதைத் துயரப்பட்டுத்தான் கற்றது. ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் 1879 டிசம்பர் 28 இரவு, புயலில், மேலே ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதன்பின் ஃபோர்த் என்ற கழிமுகத்தின் குறுக்கே 521 மீட்டர் இடைவெளிகளைத் தாண்டும் ரயில் பாலம் கட்ட முற்பட்டபோது மக்கள் அஞ்சினார்கள். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் 1887இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சொற்பொழிவாற்றியபோது ஆட்களை வைத்தே பாலம் கட்டிக் காட்டினார். இரண்டு பேர் நாற்காலியில் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார்கள். ஒவ்வொரு கையிலும் பிடித்த கோலின் மறுமுனை நாற்காலியின் அடியில் ஊன்றியிருந்தது. வெளிப்பக்கக் கைகள் செங்கற்குவியலோடு கட்டப்பட்டன. உள்பக்கக் கைகளுக்கு நடுவே ஒரு பலகை. அதில் கயிச்சி வாத்தனாபே என்ற ஜப்பானியப் பொறியாளர் தரையைத் தொடாமல் அமர்ந்திருந்தார். அந்தப் புகைப்படம் இன்றும் பாடநூல்களில் வருகிறது. பாலம் 1890இல் திறக்கப்பட்டது. இன்றும் அதில் ரயில் ஓடுகிறது.

இதை எந்த வகுப்பறையிலும் செய்யலாம். இரண்டு நாற்காலி, நான்கு மூங்கில் கழி, கயிறு, செங்கல் நிரப்பிய இரண்டு பை, நடுவில் உட்கார வகுப்பிலேயே எடை குறைந்த பிள்ளை. கை இழுபடுவதையும் கழி அமுங்குவதையும் உடம்பே சொல்கிறது. ஒரு பக்கச் செங்கற்பையை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் இருப்பவன் உள்பக்கம் சாயத் தொடங்குவான். எதிர்பாரம் என்றால் என்ன என்று அவனிடம் கேளுங்கள், அவன் விளக்குவான். ஆசிரியர் இருபுறமும் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சிறு வகுப்புகளுக்கு இன்னும் எளிய வழியை அரவிந்த் குப்தா நமக்குத் தந்திருக்கிறார். கான்பூர் ஐஐடியில் படித்தவர். 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் கிராமப் பள்ளிகளோடு வேலை செய்தபோது, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டுகளையும் கோத்து உருவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். சதுரம் செய்தால் அது சாய்ந்துவிடுகிறது. முக்கோணம் செய்தால் அசைவதில்லை. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் அதுவும் நின்றுவிடுகிறது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் மின்கோபுரத்தையும் செல்போன் கோபுரத்தையும் ரயில் பாலத்தையும் பார்த்து முக்கோணங்களை எண்ணிக்கொண்டு போவார்கள்.

சென்னையில் பொறியியல் கல்வி தொடங்கியதே சிறுவர்களைக் களத்துக்கு அழைத்துப் போனதில்தான். 1794இல் கோட்டைக்கு அருகே மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளி, வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. அதன் முதல் மாணவர்கள் கையில் அளவுச் சங்கிலியோடு நிலம் அளக்கப் போன ஒரு சில பையன்கள். 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்து, இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் அளக்கும் பணியைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. திருச்சிக்குக் கொண்டுபோய் ஆறு வாரம் உழைத்துத் தம் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் உயரங்களும் தொலைவுகளும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து இவ்வளவு மீட்டர் தொலைவில் ஏற்றக்கோணம் முப்பது பாகை எனில், என்று தொடங்கும் கணக்குகள். கோணம் எப்போதும் 30, 45, 60தான். ஒரு பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, நூலில் கட்டிய ஒரு நட்டு போதும். பள்ளியின் மேல்நிலைத் தொட்டியை அளக்கலாம். 20 மீட்டர் தள்ளி நின்றால் கோணம் 31 பாகை வருகிறது என்று வையுங்கள். கண்மட்டத்துக்கு மேலே 12 மீட்டர். பக்கத்துக் குழுவுக்கு 32 வந்திருக்கும், அவர்களுக்குப் பன்னிரண்டரை. ஒரு பாகை பிசகினால் அரை மீட்டர் போகிறது. இரண்டு குழுக்களும் சண்டை பிடித்துக்கொண்டு மறுபடி அளக்கப் போவார்கள். பிழையைப் பற்றிய அந்தச் சண்டை பாடநூலில் வராது.

இனி நம் மாநிலத்தில் இதைப் பேசும் எவரும் தவிர்க்கக் கூடாத ஒரு கேள்விக்கு வருகிறேன். பள்ளியில் கைவேலை என்றதும் நம் நெஞ்சில் ஓர் அச்சம் எழுகிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் மற்றும் பலரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். கொத்தனாரின் பிள்ளை கரண்டி பிடிக்கவும் வக்கீலின் பிள்ளை புத்தகம் பிடிக்கவுமான ஏற்பாடு எந்தப் பெயரில் வந்தாலும் அதை நாம் ஏற்கக் கூடாது. அதனால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று தொடக்கத்திலேயே அழுத்திச் சொன்னேன். நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் கலவை கலக்க வேண்டும். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படைக் கட்டடப் பொறியியல் என்ற பாடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பிரிவில் சேரும் சிலருக்கு மட்டும் அது கிடைக்கிறது. நான் கேட்பது அதற்குக் கீழே, எல்லோரும் ஒன்றாக இருக்கும் வகுப்புகளில்.

அந்த வகுப்புக்குக் கொத்தனாரை ஆசிரியராக அழையுங்கள். மதிப்பூதியம் கொடுத்து, நாற்காலி போட்டு, ஐயா என்று அழைத்து. அவர் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிதாகரஸ் தேற்றம் மண்ணில் கிடப்பது தெரியும். மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு, நாற்பது அடி தள்ளி ஒரே மட்டத்தைக் குறிப்பதைப் பார்க்கட்டும். ஏன் குமிழி இருக்கக் கூடாது என்று இயற்பியல் ஆசிரியர் கேட்கட்டும். ஒரு பள்ளியில் அப்படி வந்த கொத்தனாரின் மகள் அதே வகுப்பில் இருந்தாள். அப்பா தூக்குக்குண்டைச் சுவரோரம் இறக்கி, குண்டு ஆடி அடங்கும் வரை பொறுத்திருந்து, ஒரு நூல் அளவு வெளியே இருக்கிறது என்று பள்ளியின் சுவரைப் பற்றியே சொன்னபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்தச் சுவரை நாற்பது பிள்ளைகளும் வரிசையில் நின்று சரிபார்த்தார்கள். அவர் சொன்னது சரி.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கட்டட வேலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சித்தாள்களாகச் செங்கல்லும் கலவையும் சுமக்கிறார்கள். கரண்டி அவர்கள் கைக்கு வருவது மிக அரிது. கூலியிலும் அந்த வேறுபாடு இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: கிண்டியில் கட்டடப் பொறியியல் படித்த பி. கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இருந்தும் நம் வகுப்பறையில் மாதிரி செய்யும் நாளன்று, பெண்கள் தண்ணீர் கொண்டுவரவும் குறிப்பெழுதவும், பையன்கள் அச்சில் வார்க்கவும் என்று தானாகப் பிரிந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். ஆசிரியர் முன்கூட்டியே வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் வீட்டின் வழக்கம் வகுப்புக்குள் வந்துவிடும்.

மண்ணுக்கு வருவோம். கரிசல் பூமியில் இருக்கும் பள்ளிகளில் சுவர்கள் ஏன் கோடையில் பிளந்து, மழையில் வாய் மூடுகின்றன? வேதியியல் ஆய்வகத்தில் சோடியத்தை மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த மண்ணெண்ணெய் கொஞ்சம் வேண்டும். காயவைத்துப் பொடித்துச் சலித்த மண் பத்து மில்லிலிட்டர் வீதம் இரண்டு அளவு உருளைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, கிளறிவிட்டு, மறுநாள் பாருங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை. தண்ணீரில் உள்ளது உயர்ந்திருக்கும். எவ்வளவு உயர்ந்தது என்பதுதான் அந்த ஊரில் கடைக்கால் எப்படிப் போட வேண்டும் என்பதன் முதல் குறிப்பு. செம்மண் ஊரிலிருந்து ஒரு பிடி வரவழைத்து அருகில் வைத்தால் வேறுபாடு கண்ணுக்கு முன் நிற்கும். மண் பரிசோதனைக் கூடங்களில் செய்வதும் ஏறத்தாழ இதே முறைதான்.

ஆற்று மணலைப் பற்றிக் கற்க நமக்குக் கல்லணை இருக்கிறது. ஆழம் காண முடியாத தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையை அந்தப் பழைய அணையிடமிருந்து கற்றோம் என்று ஆர்தர் காட்டன் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1836இல் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கியவர் அவர். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் கட்டினார். ஓர் அகன்ற தட்டில் மணலைப் பரப்பி, ஒரு செங்கல் துண்டைக் குறுக்கே வைத்து, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தாண்டி விழும் பக்கத்தில் மணல் குழிகிறது, குழி பின்னோக்கி வந்து செங்கல்லின் அடியைத் தின்கிறது, செங்கல் கவிழ்கிறது. இரண்டாம் முறை, தண்ணீர் விழும் பக்கத்தில் கூழாங்கற்களைப் பரப்புங்கள். கற்கள் மணலில் அமிழும். அமிழ அமிழ மேலே போடுங்கள். ஒரு கட்டத்தில் அமிழ்வது நிற்கும், செங்கல்லும் நிற்கும். இதைச் செய்து பார்த்த பிறகு கல்லணைக்குச் சுற்றுலா போகும் பிள்ளை, செல்ஃபி எடுத்த பின் தண்ணீர் இறங்கும் பக்கத்தை எட்டிப் பார்க்கும்.

சுவரைப் பார்க்கும் பழக்கம் உயிர் சம்பந்தப்பட்டது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கட்டடத்தைச் சோதிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அரசின் பொறுப்பு, நிர்வாகத்தின் பொறுப்பு, கையெழுத்துப் போடும் பொறியாளரின் பொறுப்பு. ஆனாலும் வெடிப்புகளை வேறுபடுத்திப் பார்க்க எல்லோருக்கும் தெரிந்திருப்பது நல்லது. பூச்சில் மட்டும் ஓடும் வலைபோன்ற வெடிப்பு வேறு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் செங்கல்லையும் பிளந்து போகும் வெடிப்பு வேறு. சுவர் செங்குத்திலிருந்து விலகிச் சாய்வது வேறு. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் அது கோட்டைத் தாண்டியிருந்தால், அந்தச் சுவரை விட்டு விலகி நின்று, தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுப்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

மழைநீர் பற்றிய கணக்கு சுருக்கமானது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இருபது மீட்டருக்கு எட்டு மீட்டர் வகுப்பறைக் கட்டடத்தின் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,600 லிட்டர். 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம். உங்கள் பள்ளியின் உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது, அதில் எத்தனை லிட்டர் பிடிக்கும், குழாய் அதுவரை போகிறதா என்று ஆறாம் வகுப்பு கண்டுபிடித்துச் சொல்லட்டும். மட்டக்குழாயை வைத்து விளையாட்டுத் திடலின் மேடு பள்ளத்தை அளந்து, தண்ணீர் எங்கே தேங்கும் என்று வரைந்து ஒட்டட்டும்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு மூட்டை சிமெண்ட், மணல், நூல், டேப், மட்டக்குழாய், பழைய ஆரக்கம்பி, வாளி. விலை உயர்ந்த ரோபோட்டிக்ஸ் பெட்டிகளை வாங்கிப் பூட்டிவைக்கும் பள்ளிகளுக்கு இது ஒரு செலவே ஆகாது. 2022இல் தொடங்கிய அரசின் வானவில் மன்றத் திட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குப் பரிசோதனைக் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டுபோகிறது. அந்தக் கருவிகளோடு ஓர் உத்தர அச்சையும் சேர்க்கலாம். பாதுகாப்பில் மட்டும் கறாராக இருங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். ரப்பர் கையுறை கட்டாயம். உடைக்கும்போது கண்ணாடி, காலில் செருப்பு. கூரை மேல் எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது.

காலக் கணக்கும் வசதியாகவே அமைகிறது. பள்ளி திறக்கும் ஜூனில் அளவெடுத்தலும் கொத்தனார் வகுப்பும். ஜூலை தொடக்கத்தில் உத்தரம் வார்த்தால், ஆகஸ்டில் 28 நாள் முடிந்து பாரம் ஏற்றலாம். செப்டம்பரில் திடலின் மட்டமும் மழைநீர்க் கணக்கும் முடிந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாய்க்கால் வெட்டி உறிஞ்சுகுழியைத் தூர்வார நேரம் இருக்கும்.

இந்த அறக்கட்டளையாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எனக்கு அளிப்பதாகச் சொன்ன சன்மானத் தொகையில் உத்தர அச்சுகளும் தடித்த அட்டை போட்ட நோட்டுகளும் வாங்கி, இங்கே வந்திருக்கும் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நோட்டில் நான்கு பத்திகள் போதும்: என்ன செய்தோம், எவ்வளவு தாங்கும் என்று நினைத்தோம், எவ்வளவில் உடைந்தது, எங்கே உடைந்தது. அந்த நோட்டு மாணவரோடு வீட்டுக்குப் போகக் கூடாது. பள்ளியிலேயே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதைத் திறந்து, முந்தைய வகுப்பின் உத்தரம் எத்தனை லிட்டரில் எந்த இடத்தில் முறிந்தது என்று படித்துவிட்டுத் தன் கலவையைக் கலக்கத் தொடங்கட்டும்.